சைப்ரஸ் வரைவு: படை விலகலை முதல் ஷரத்தாக வைக்கலாமா?

மாதிரி ஐ.நா. போட்டிக்கான உங்கள் வரைவில் முதல் ஷரத்தே 'துருக்கிப் படை உடனே வெளியேற வேண்டும்' என்று இருக்கிறது; 1974 முதல் தீவின் வடக்கில் இருக்கும் படை அது. இது எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோரிக்கை நியாயம்தான், வைத்த இடம்தான் தப்பு. 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த தீவு இணைப்புப் பேச்சு முறிந்ததில் படைக்கும், கிரீஸ், துருக்கி, பிரிட்டன் ஆகியவற்றுக்கு உள்ள உத்தரவாத உரிமைக்கும் பெரிய பங்குண்டு.

முதலில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 649ஆம் தீர்மானம் (1990) சொல்லும், கிரேக்க, துருக்கிய சைப்ரஸ்காரர்களின் இரு சமூக, இரு மண்டலக் கூட்டாட்சியை வையுங்கள். படை விலகல் அடுத்து வரட்டும், அதுவும் படிப்படியாக. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் இணைப்புத் திட்டம் அப்படித்தான் போட்டது: 2011 வரை ஒவ்வொரு தரப்புக்கும் அதிகபட்சம் 6,000 பேர், பிறகு 3,000, கடைசியில் 1960 கூட்டணி ஒப்பந்தப்படி துருக்கியர் 650, கிரேக்கர் 950. அந்த நீண்ட கால அட்டவணையும் கிரேக்க சைப்ரஸ்காரர்களுக்கு உறுத்தியது. அந்தத் திட்டம் மீதான 2004 வாக்கெடுப்பில் அவர்களில் சுமார் 76% பேர் 'வேண்டாம்' என்றார்கள். துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65% பேர் 'சரி' என்றார்கள். ஆகவே கெடுவைச் சுருக்குங்கள், மேற்பார்வையை ஐ.நா.விடம் கொடுங்கள். தலையிடும் உரிமை தரும் 1960 உத்தரவாத ஒப்பந்தத்துக்கு மாற்று ஏற்பாடும் எழுதாவிட்டால் அந்த ஷரத்து நிற்காது.

மூன்றாம் பத்தியில் 'வடக்கு சைப்ரஸ் அரசு' என்பதை அடித்துவிடுங்கள். பாதுகாப்பு சபையின் 541ஆம் தீர்மானம் (1983) வடக்கைத் தனி நாடாக அறிவித்த பிரகடனமே செல்லாது என்கிறது. 'துருக்கிய சைப்ரஸ் சமூகம்' போதும்.