பூச்சை உரித்தால் லூயி கான் சுவர் வந்துவிடுமா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் எங்களுடையது பழைய வரிசைத் தரைவீடு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த மாணவர் விடுதிகளைப் போல, மேற்குப் பார்த்த பின்சுவரின் பூச்சை உரித்துச் செங்கல் தெரிய விட ஆசை. மேலே தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலர் அடித்தால் 10 ஆண்டு உத்தரவாதம் என்கிறார் குத்தகையாளர். செய்யலாமா?

பதில்: வேண்டாம்.

கான் விடுதிச் சுவர் உரித்தெடுத்த சுவரல்ல. செங்கல் தெரியவேண்டும் என்றே பார்த்துப் பார்த்துக் கட்டிய, பாரம் தாங்கும் கனத்த சுவர். செங்கல் வளைவுகளுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டைகூட அழகுக்கு வைத்ததல்ல. வளைவு இருபுறமும் தள்ளுவதை இழுத்துப் பிடிக்கிறது. அப்படியிருந்தும் தண்ணீர் அதை விட்டுவைக்கவில்லை. கசிவு, ஈரம், பெயர்ந்து விழும் கான்கிரீட் என்று காரணம் சொல்லி, 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14ஐ இடிக்க நிர்வாகம் கிளம்பியது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களில் பின்வாங்கியது. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. இங்கே 2,000ஐத் தாண்டுகிறது. போதாததற்கு, உங்கள் சுவர் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்றுக்கு நேரே முகம் காட்டி நிற்கிறது.

பூசி மறைக்கப்போகிறோம் என்று தெரிந்தால் கொத்தனார் உடைந்த கல்லையும் வைப்பார், இடுக்கில் சாந்தையும் அரைகுறையாக அடைப்பார். அதன்மேல் பூச்சைக் கொத்தி எடுக்கும் ஹேக்கிங் இயந்திரம் ஓடினால், சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் பெயர்ந்து, தண்ணீர் குடிக்கும் உள்பாகம் வெளியே வரும்.

இப்போது அந்த சீலர். பளபளவென்று படலம் போடும் ரகம் மழையை எல்லா இடத்திலும் நிறுத்தாது. கைப்பிடிச் சுவர் வழியாகவும் விரிசல் வழியாகவும் உள்ளே போன ஈரத்தை வெளியேறவும் விடாது. படலத்துக்குப் பின்னால் உப்பு பூத்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலும் சீலருக்குத்தான், கல்லுக்கு இல்லை.

ஒரே ஒரு விலக்கு. சில வீடுகளில் செங்கல் முதலில் வெளியே தெரியத்தான் கட்டியிருப்பார்கள். பின்னால் வாங்கியவர் பூசியிருப்பார். அதைக் கண்டுபிடிக்க, சன்னலுக்குக் கீழே ஓர் அடிச் சதுரம் மட்டும் கை உளியால் திறக்கச் சொல்லுங்கள். விளிம்பு கூராக, நிறம் ஒன்றுபோல, இடுக்கு சுமார் 10 மி.மீ. அகலத்தில் நிரம்பி, விரலால் வழித்ததுபோல் லேசாகக் குழிந்திருந்தால் அது முகப்புக் கல். அதிலும் ஒரு கல்லைக் கழற்றி, காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் அதையும் மறந்துவிடுங்கள். தேறினால், பழுதான இடுக்குகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6 கலவையால் அடைக்கவேண்டும். வெறும் சிமெண்டு கல்லைவிடக் கெட்டியாகி, கல்லையே உடைக்கும். சுவரின் உச்சியில் வைக்கும் மூடுகல் சுவரைத் தாண்டி நீண்டு, தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிட அடியில் சொட்டுக்காடியோடு இருக்கவேண்டும். கடைசியாக, காய்ந்த சுவரில், படலம் போடாமல் ஈரத்தை வெளியேற விடும் சிலேன்-சிலோக்சேன் ரகச் சீலர்.

இதையெல்லாம் யாராவது வந்து சோதிப்பார்கள் என்று நம்பாதீர்கள். 7 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாய முகப்பு ஆய்வு 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த, 20 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குத்தான், தரைவீட்டுக்கு இல்லை. கீழே நிற்பவர் தலையில் விழும் கல்லுக்கு இது தெரியாது போலும்!

ஆசை விடவில்லையென்றால் வீட்டுக்குள்ளே மெல்லிய செங்கல் ஓடு ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியேதான் வேண்டும் என்று குத்தகையாளர் அடம்பிடித்தால், கல்லின் முகம் உதிர்ந்தால் மீண்டும் பூசித் தரும் செலவு யாருடையது என்று விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.