மசாய் கிராமமும் டிரைவர் கணக்கும்

கேள்வி: குடும்பத்தோடு கென்யா போகிறோம். டூர் திட்டத்தில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் அருகே, மாடு மேய்க்கும் மசாய் பழங்குடியினரின் 'மசாய் கிராமம்' ஒன்றைப் பார்ப்பதும் இருக்கிறது. போய் வந்த நண்பரோ, "எல்லாம் நாடகம். ஜீன்ஸ் போட்ட பையன்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு குதித்து ஆட வந்துவிடுகிறார்கள்" என்கிறார். அசல் மசாய் வாழ்க்கையைப் பார்க்க என்ன வழி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவரும் பேன்ட்டை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டுதான் மேடை ஏறியிருப்பார். காசும் வாங்கியிருப்பார். அதை யாரும் நாடகம் என்றார்களா? ஜீன்ஸ் போட்டு, செல்போனில் எம்-பெசா வழியாகப் பணம் அனுப்பும் அந்தப் பையன்தான் நீங்கள் தேடும் அசல் மசாய். முன்பின் தெரியாதவர்களைத் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க விட்டு, ஆடிக் காட்டிக் கூலி வாங்குகிறான். அதில் என்ன தப்பு?

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. வண்டியை எந்தக் கிராமத்துக்கு விடுவது என்று பெரும்பாலும் டிரைவர்தான் முடிவு செய்கிறார். அதைச் சாக்காக வைத்து நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கைச் சில டிரைவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மாராவில் பழைய புகார். கிராமத்தார் அந்தப் பங்கைத் தர மறுத்தால் அடுத்த வண்டி பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விடும். உங்கள் நண்பர் ஆட்டத்தைக் கவனித்த அளவுக்கு இந்தக் கணக்கைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, ஒழுங்காக நடக்கும் ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. மாரா காப்பகத்தை ஒட்டி மசாய் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலங்களைச் சேர்த்து 'கன்சர்வன்சி' என்ற வனவிலங்குப் பாதுகாப்பு நிலங்களை அமைத்திருக்கின்றன. 2010-இல் தொடங்கிய மாரா நபோய்ஷோவில் சுமார் 500 நில உரிமையாளர்கள், 50,000 ஏக்கர். அங்கே சுற்றுலா முகாம் நடத்தும் கம்பெனிகள் நிலத்துக்கு வாடகை தருகின்றன. பயணிகள் கூடினாலும் குறைந்தாலும் வாடகை வரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது அதுவும் ஆட்டம் கண்டது, அது வேறு கதை. வடக்கே லைக்கிப்பியாவில் இல் ங்வேசி மசாய்கள் 1996-லேயே சொந்த விடுதி கட்டினார்கள்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில், அதனால் வாடகையும் அவர்கள் கைக்கே போகிறது. ஆனால் குச்சியும் மண்ணும் சாணியும் வைத்து அந்த வீடுகளைக் கட்டுவது பெண்கள். பாசிமணி கோர்ப்பதும் அவர்கள்தான். சொந்த நிலத்தில் மாடு மேய்க்கவும் விதிகள்.

ஆனாலும் நிலம் அவர்கள் பெயரில் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். எல்லைக்கு அந்தப் பக்கம் டான்சானியாவைப் பாருங்கள். செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவிலிருந்து மசாய்களை 1959-இல் வெளியேற்றிய பிரிட்டிஷ் அரசு, பக்கத்து ங்கோரோங்கோரோ பகுதியில் வாழலாம் என்று வாக்குக் கொடுத்தது. இப்போது அங்கிருந்தும் ம்சோமெரா என்ற தொலைதூர ஊருக்கு ஆட்களை மாற்றுகிறார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது அரசு. 2022 ஜூனில் பக்கத்து லோலியோண்டோவில் காப்பகத்துக்கு எல்லைக்கல் நட வந்த போலீசோடு மசாய்கள் மோதினார்கள். அதே அரசின் சுற்றுலா விளம்பரங்களில் சிவப்புத் துணி மசாய் மட்டும் பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அசலைத் தேடுவதை விட்டுவிட்டு, பணம் கட்டுமுன் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: தங்கும் முகாம் யார் நிலத்தில் இருக்கிறது? கிராமக் கட்டணத்தை யார் கையில் கொடுக்க வேண்டும்? பாசிமணியைச் செய்த பெண்ணிடமே காசு கொடுத்து வாங்கலாமா? மழுப்பினால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.