மேட்டுப்பாளையத்தில் இறங்கி அம்மாவை மலை ரயிலில் ஏற்றலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டிக்கு ஏற ஆசைப்படுகிறார். வண்டி மாற நேரம் போதுமா? ஸ்டேஷனில் வசதி எப்படி?"

நேரம் போதும். எக்ஸ்பிரஸ் காலை 6.15 வாக்கில் வந்துவிடும், மலை ரயில் கிளம்புவது 7.10க்கு. இரண்டும் ஒரே ஸ்டேஷன்தான். காத்திருக்கும் இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான் கவலைப்படுவது மலை ரயிலின் பெட்டியை நினைத்துத்தான். அதில் கழிப்பறை கிடையாது. ஊட்டி போய்ச்சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம், குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். நடுவில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கலாம். ஆனால் வண்டியே மொத்தமாக இறங்கும், வரிசை நீளும், கையில் இருப்பதைப் பிடுங்கக் குரங்குகள் காத்திருக்கும். வலிக்கிற முழங்காலோடு அந்த அவசரத்தில் இறங்கி ஏறுவது பெரும்பாடு.

ஏன் இத்தனை நேரம் என்றால், அது அந்த மலையின் கதை. 1873-லேயே அகல ரயில் பாதை மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் மாட்டு வண்டியும் குதிரையும்தான். மலை ரயில் பாதை வேலை 1891-ல் தொடங்கியது. எடுத்த கம்பெனி நடுவில் நொடித்துப்போனது. 1899-ல்தான் குன்னூர் வரை ரயில் ஓடியது, ஊட்டியைத் தொட 1908 ஆனது. கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் போகிற வண்டி மெதுவாகத்தான் போகும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

சரி, அம்மாவின் ஆசையை விட வேண்டாம், திருப்பிப் போடுங்கள். போகும்போது காரில் ஏறுங்கள், வரும்போது ரயிலில் இறங்குங்கள். ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி 5.35 வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். குன்னூரில் டீசல் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினை மாட்டுவார்கள், அந்த இடைவெளியில் ஸ்டேஷன் கழிப்பறைக்குப் போய்வரலாம். இறங்கும்போது நீராவி எஞ்சின் முன்னால் நின்று வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வரும். சென்னைக்குத் திரும்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு மேல்தான். அம்மா நிதானமாகச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலை நீட்டிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் தவறவிடாதீர்கள். போகிற அன்று எக்ஸ்பிரஸில் இறங்கியதும் காரைத் தேடி ஓடாமல், ஒரு டீயோடு அம்மாவைப் பிளாட்பாரத்தில் உட்கார வையுங்கள். 7.10க்கு எஞ்சின் வண்டியின் வாலில் நின்று, புஸ்ஸென்று ஆவி விட்டு, பெட்டிகளை மெல்லத் தள்ளிக்கொண்டு கிளம்பும். அம்மா அதை ஆற அமரப் பார்க்கட்டும். பல தடவை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் கார். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, டிரைவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஏப்ரல், மே என்றால் அன்றே எடுத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது உண்டு. அந்த மாதங்களில் போனால், கீழே வரவும் ஒரு காருக்குச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.