ரிலீஸ் பண்ணிட்டீங்க சரி, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னீங்களா?

மடிப்பாக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. பகல்ல ஓஎம்ஆர்ல வேலை, ராத்திரி உக்காந்து அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கு போடுற ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் திறந்திருக்கற) சாஃப்ட்வேர் எழுதுறாரு, நூறு அசோசியேஷன் கிட்ட யூஸ் பண்ணுதாம். போன மாசம் டேட்டாபேஸை மாத்தி 2.4.2ங்கற புது வெர்ஷனை விட்டாரு, விவரமெல்லாம் சைட்ல போட்டாரு, ஆனா 3 பேர் பேக்கப் எடுக்காம அப்டேட் பண்ணி பழைய ரசீதெல்லாம் காணாம போச்சு. "சொல்லித்தான் சார் இருந்தேன், இதுக்கு மேல எப்படி சொல்றது?"ன்னு கேக்குறாரு.

தம்பி, புது வெர்ஷன்ல என்ன மாறுச்சுன்னு சொல்ற உங்க ரிலீஸ் நோட்ஸை அனுப்பினீங்க, படிச்சேன். கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்ல (Git) இருந்த கமிட் மெசேஜை, அதாவது ஒவ்வொரு மாத்தத்துக்கும் எழுதின குறிப்பை, அப்படியே அள்ளிக் கொட்டியிருக்கீங்க, மொத்தம் 41 வரி, பேக்கப் எடுங்கன்னு இருக்கறது 33வது வரி. உங்க செக்ரட்டரிங்க பாதிப் பேர் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்னு நீங்களே சொல்றீங்க, அவருக்கு "பார்சர் ரீஃபேக்டர்"னா என்னன்னு தெரியணும்? அவருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நான் இப்ப என்ன பண்ணணும். அதை மொதல் வரியில வைங்க: "அப்டேட்டுக்கு முன்னாடி பேக்கப் கட்டாயம், 10 நிமிஷ வேலை, மாச வசூல் முடிஞ்சப்புறம் பண்ணா போதும்." என்ன புதுசு, எந்த பக் சரியாச்சுங்கறதெல்லாம் அதுக்குக் கீழ. கமிட் லிஸ்ட் வேணுங்கற டெவலப்பருக்கு கிட் இருக்கு, அவங்க போய் பாத்துப்பாங்க.

இன்னொண்ணு, நம்பரே தப்பா சொல்லிடுச்சு. வெர்ஷன் நம்பர் போடுறதுக்குன்னு இருக்கற செமான்டிக் வெர்ஷனிங் கணக்குல கடைசி நம்பர் ஏறுனா பக் ஃபிக்ஸ் மட்டும், நடு நம்பர் ஏறுனா பழசு எதுவும் உடையாம புது வசதி, பழசு உடையுதுன்னா மொத நம்பரே மாறணும். நீங்க டேட்டாபேஸையே மாத்திட்டு 2.4.1ஐ 2.4.2ன்னு விட்டா எவன் பயப்படுவான்? 3.0ன்னு போட்டிருந்தா பாதிப் பேர் ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருப்பாங்க.

கெட்ட சேதியை சீக்கிரம் சொல்லுங்க, தேதியோட. பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியோட பழைய வெர்ஷன் பைத்தான் 2க்கு 2015ல முடிவுன்னு இருந்ததை 2014லயே 2020க்கு தள்ளி வச்சு அறிவிச்சாங்க, புலம்பல் இல்லாம இல்ல, ஆனாலும் மாறிக்க வருஷக்கணக்குல டைம் கிடைச்சுது. சர்வர்ல போடுற லினக்ஸ் ஓஎஸ்ஸான சென்ட்ஓஎஸ் 8 கதை நேர் எதிர். 2029 வரைக்கும் ஓடும்னு நம்பி சர்வர் போட்டவங்ககிட்ட 2020 டிசம்பர்ல வந்து அடுத்த வருஷக் கடைசியோட சரின்னாங்க, அந்தக் கோவத்துலதான் அதுக்கு மாத்தா ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் பொறந்துச்சு. தேதி எழுதறப்ப மாசத்தோட பேரையே எழுதுங்க, 06/07னு போட்டா அமெரிக்காவுல இருக்கற உங்க கான்ட்ரிபியூட்டருக்கு அது ஜூன்.

செக்யூரிட்டி ஓட்டைன்னா ஃபிக்ஸ் ரெடியாகற வரைக்கும் வாய் திறக்காதீங்க, ரெடியானதும் எந்த வெர்ஷன்ல இருந்து எந்த வெர்ஷன் வரைக்கும் பாதிப்பு, எதுக்கு மாறணும்னு நம்பரோட போடுங்க. 2021 டிசம்பர்ல லாக்4ஜேன்னு ஜாவா சாஃப்ட்வேர்கள்ல லாக் எழுதற லைப்ரரியில வந்த ஓட்டைக்கு, மொத ஃபிக்ஸ் பத்தாம 2.15, 2.16, 2.17னு அடுத்தடுத்து வந்துச்சு, "அப்டேட் பண்ணுங்க"ன்னு மட்டும் கேள்விப்பட்டவன் 2.15லயே நின்னுட்டு நிம்மதியா தூங்கியிருப்பான்.

வாட்ஸ்அப் குரூப்ல சொன்னேன்னு வேற எழுதியிருக்கீங்க. அங்க நீங்க சொன்னது மறுநாள் குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிருக்கும். முழு விஷயம் சைட்ல ஒரே இடத்துல, மாறாத முகவரியில இருக்கட்டும், குரூப்ல ஒரு வரியும் லிங்க்கும் போதும். அதைவிட முக்கியம், அப்டேட் பட்டனை அமுக்குற நேரத்துல சாஃப்ட்வேரே "பேக்கப் எடுத்தாச்சா?"ன்னு கேட்டு நிக்கணும், ஏன்னா எல்லாரும் கட்டாயம் பாக்குற இடம் அது ஒண்ணுதான். தமிழ்லயே கேக்கட்டும்.

அடுத்து வரப்போற ஃபீச்சர் லிஸ்டை ரொம்ப நீட்டாதீங்க, தேதி போட்டு வாக்கு குடுத்தா அசோசியேஷன்காரங்க விட மாட்டாங்க. ஆபீஸ்ல வேலை நெருக்கி 4 மாசம் எதுவும் பண்ண முடியாதுன்னா அதையும் ஒரு வரி எழுதிடுங்க, இல்லன்னா ப்ராஜெக்ட் செத்துப்போச்சுன்னு எக்ஸெலுக்கே திரும்பிடுவாங்க.

இன்னைக்கு ராத்திரி புதுசா எதுவும் கோட் எழுத வேணாம். 2.4.2ல ரசீது போகுது, இன்னும் மாறாதவங்க 2.4.1லயே இருங்கன்னு நோட்ஸோட தலையில போடுங்க, அந்த 3 பேருக்கும் போன் பண்ணி பழைய டேட்டா ஃபைல் மேல எதையும் எழுதிடாதீங்கன்னு சொல்லிடுங்க.