தேடுபொறி கிளையன்ட் லைப்ரரிக்கு அடையாளச் சரிபார்ப்பு ஆவணம்: கேள்வி பதில்

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் பைத்தான் கிளையன்டை (செயலியைத் தேடுபொறியின் சர்வரோடு இணைக்கும் லைப்ரரியை) முன்னிறுத்தி இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். பிற தேடுபொறிகள் வேறுபடும் இடங்களில் அவற்றின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பேசிக் ஆத் (பயனர்பெயரும் கடவுச்சொல்லும்), ஏபிஐ கீ (செயலிக்கென உருவாக்கும் ரகசியச் சாவி), பேரர் டோக்கன் (வைத்திருப்பவரை அனுமதிக்கும் சரம்) ஆகிய மூன்று வழிகளுக்கும் எங்கள் ஆவணத்தில் உதாரணம் இருக்கிறது. ஆனாலும் "இவற்றில் எனக்கு எது?" என்று கேட்பவர்கள் குறையவில்லை. எதை விட்டுவிட்டோம்?

பதில்: எப்படி எழுதுவது என்பதைச் சொல்லியிருக்கிறீர்கள், எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக்கு வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. தேடுபொறியை நிறுவியபோது திரையில் தோன்றிய 'எலாஸ்டிக்' பயனரின் கடவுச்சொல்லோ, நிர்வாகி அனுப்பிவைத்த நீளமான ஓர் எழுத்துச்சரமோ அவரிடம் ஏற்கெனவே இருக்கும். எனவே ஒவ்வொரு வழியின் கீழும், உதாரணத்துக்கு முன்பே, அந்த ரகசியம் எங்கே கிடைக்கிறது, அதை வைத்து எதையெல்லாம் செய்ய முடியும், அது எப்போது காலாவதியாகும் என்ற மூன்றையும் எழுதுங்கள். கூடவே உங்கள் பரிந்துரையையும் தயங்காமல் சொல்லுங்கள். தொடர்ந்து ஓடும் செயலிக்கு ஏபிஐ கீதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 'எலாஸ்டிக்' பயனருக்கு எல்லா அதிகாரமும் இருப்பதால், முதல்முறை இணைத்துப் பார்ப்பதற்கு அப்பால் அதைப் பயன்படுத்தும் உதாரணம் ஆவணத்தில் இருக்கவே கூடாது.

கேள்வி: ஏபிஐ கீயைச் சரியாக நகலெடுத்து ஒட்டியும் 401 (அடையாளத்தை ஏற்கவில்லை என்ற பிழை) வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஆவணத்தில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதில்: பிழை இருக்காது, ஆனால் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கும். புதிய கீயை உருவாக்கும்போது சர்வர் தரும் பதிலில் 'ஐடி', 'நேம்', 'ஏபிஐ_கீ', 'என்கோடட்' என்ற புலங்கள் இருக்கின்றன. கிளையன்டிலும் 'ஏபிஐ_கீ' என்ற பெயரிலேயே ஓர் அளவுரு இருப்பதால், பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து அதே பெயருள்ள புலத்தின் மதிப்பை அதில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த அளவுரு எதிர்பார்ப்பதோ 'என்கோடட்' புலத்தின் மதிப்பை. அதாவது ஐடியையும் கீயையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து இணைத்து பேஸ்64 என்ற குறிமாற்ற வடிவமாக்கிய சரத்தை. அல்லது ஐடி, கீ இரண்டையும் ஒரு ஜோடியாகக் கொடுக்கலாம். சர்வரின் பதிலை அப்படியே அச்சிட்டு, எந்த வரியை நகலெடுக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டிவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இங்கேயே இன்னும் சிலவற்றைச் சேர்த்துவிடுங்கள். கீயின் மதிப்பை உருவாக்கும் வேளையில் மட்டுமே பார்க்க முடியும். காலாவதியை நாமே குறிப்பிடாவிட்டால் அது காலாவதியாவதே இல்லை. அதன் அதிகாரம், அதை உருவாக்கியவருக்கு அந்த நேரத்தில் இருந்த அதிகாரத்தைத் தாண்டாது. பின்னர் அவருடைய பொறுப்பை (அனுமதிகளின் தொகுப்பான 'ரோல்') குறைத்தாலும் பழைய கீயின் அதிகாரம் தானாகக் குறைந்துவிடாது. கடைசியாகச் சொன்னது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும் என்பதால், அடிக்குறிப்பில் ஒளித்துவைக்காமல் எச்சரிக்கைப் பெட்டியில் இடுங்கள்.

கேள்வி: உதாரணம் எளிமையாக இருக்கட்டும் என்று சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதை அணைத்துக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஓர் ஆவணத்தில் 'வெரிஃபை_செர்ட்ஸ்' (சான்றிதழ்களைச் சரிபார்) என்பதன் மதிப்பு 'பொய்' என்று ஒரு வரி இருந்தது. "சோதனைக்கு மட்டும்" என்று மேலே எழுதியும் இருந்தேன். ஒரு நிறுவனத்தின் உண்மையான சேவையில் அந்த வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே ஓடிக்கொண்டிருப்பதைப் பிறகு பார்த்தபோது என் மனம் மிகவும் வேதனைப்பட்டது. மக்கள் நகலெடுப்பது குறியீட்டைத்தான், அதன் மேலிருக்கும் எச்சரிக்கையை அல்ல. சரிபார்ப்பை அணைத்தாலும் இணைப்பு மறையாக்கம் பெற்றதாகவே இருக்கும். ஆனால் மறுமுனையில் இருப்பது நம் சர்வர்தானா என்பதற்கு எந்த உறுதியும் இல்லாததால், இடையில் புகுந்தவரிடமே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடக்கூடும்.

2022-இல் வந்த எலாஸ்டிக்சர்ச் 8.0 பதிப்பு முதல் பாதுகாப்பு இயல்பாகவே இயங்குகிறது. முதல்முறை தொடங்கும்போதே சர்வர் தனக்கென ஒரு சான்றிதழை உருவாக்கி, அதன் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை (சான்றிதழை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியை) திரையில் காட்டுகிறது. அந்தக் கைரேகையைக் கிளையன்டுக்குக் கொடுப்பது ஒரே ஒரு வரிதான். சரிபார்ப்பை அணைப்பதும் ஒரே வரிதான் எனும்போது, எளிமை என்ற காரணமே அடிபட்டுப்போகிறது.

கேள்வி: பேசிக் ஆத்தில் கடவுச்சொல் பேஸ்64-இல் தான் போகிறது. அது போதாதா?

பதில்: போதாது. பேஸ்64 வெறும் குறிமாற்றம். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் இல்லாமல் பேசிக் ஆத்தைப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: பேரர் டோக்கன் முதலில் வேலை செய்து, சிறிது நேரம் கழித்து நின்றுபோகிறது. இது லைப்ரரியின் கோளாறா?

பதில்: இல்லை. எலாஸ்டிக்சர்ச்சின் டோக்கன் சேவை தரும் அணுகல் டோக்கனின் இயல்பான ஆயுள் 20 நிமிடங்கள். கிளையன்ட் அதைக் கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெடரில் வைத்து அனுப்புமே தவிர, தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. புதிய அணுகல் டோக்கனைப் பெற உதவும் புதுப்பிப்பு டோக்கன் 24 மணி நேரம் செல்லும், அதையும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். புதுப்பிக்கும் பொறுப்பு செயலியுடையது என்பதை உதாரணத்துக்கு முன்பே எழுதுங்கள்.

கேள்வி: பிழைச் செய்திகளையும் இதே பக்கத்தில் விளக்க வேண்டுமா?

பதில்: இரண்டை மட்டும் விளக்கினால் போதும். 401 வந்தால் நீங்கள் யார் என்பதையே சர்வர் ஏற்கவில்லை. ரகசியத்தைச் சரிபார்க்க வேண்டும். 403 வந்தால் உங்களை அடையாளம் கண்டுவிட்டது, ஆனால் கேட்டதைச் செய்ய உங்களுக்கு அனுமதியில்லை. பொறுப்பைத் திருத்த வேண்டும். இது தெரியாமல் 403 வரும்போதெல்லாம் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கேள்வி: உலாவியிலிருந்தே நேரடியாகத் தேடும் வசதியை ஆவணப்படுத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உலாவிக்குச் சென்ற எதுவும் ரகசியமல்ல என்பதை முதல் வரியாக எழுதுங்கள். மெய்லிசர்ச், டைப்சென்ஸ் போன்ற தேடுபொறிகள் தேடலுக்கு மட்டுமான கீயைத் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தம் தரவை மட்டுமே பார்க்க வேண்டுமென்றால், மெய்லிசர்ச்சில் டெனன்ட் டோக்கனையும் டைப்சென்ஸில் வரம்பிட்ட தேடல் கீயையும் நம் சர்வரிலேயே உருவாக்கி அனுப்பலாம். மெய்லிசர்ச்சில் மற்றக் கீகளுக்கு அடிப்படையான மாஸ்டர் கீயை மாற்றினால் மற்ற எல்லாக் கீகளின் மதிப்பும் மாறிவிடும் என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். இல்லாவிட்டால் மாஸ்டர் கீயை மாற்றிய அன்றைக்கு, தேடல் ஏன் நின்றது என்று தெரியாமல் திகைப்பார்கள்.

கேள்வி: பழைய பதிப்பின் 'ஹெச்டிடிபி_ஆத்' அளவுருவை ஆவணத்திலிருந்து நீக்கிவிடலாமா?

பதில்: உதாரணங்களிலிருந்து நீக்குங்கள், பக்கத்திலிருந்து நீக்காதீர்கள். கிளையன்டின் 7-ஆம் பதிப்பில் எழுதிய குறியீட்டை வைத்திருப்பவர் அந்தப் பெயரைத்தான் தேடுவார். 8-இல் அதன் இடத்தை 'பேசிக்_ஆத்' எடுத்துக்கொண்டது என்ற ஒரு வரி அவருக்குக் கிடைக்க வேண்டும்.