காட்டுக்குள் நடக்கப் போகும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு 27 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். வருகிற மாசியில் முதுகுப்பையோடு தனியாக நேபாளம் சென்று, சித்வான் காட்டில் வழிகாட்டியுடன் நடந்து காண்டாமிருகம் பார்க்க ஆசை. "வாகனமும் இல்லாமல் காட்டுக்குள்ளேயா?" என்று அம்மா பயப்படுகிறார். போகலாமா? வழிகாட்டியை எப்படித் தெரிவு செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். ஆனாலும் அம்மாவின் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். யாலவிலும் வில்பத்துவிலும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியோடு காட்டைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சித்வானிலோ காண்டாமிருகமும் வேங்கைப்புலியும் கரடியும் யானையும் உலவும் நிலத்தில் கால்நடையாகவே போக அனுமதி உண்டு. 1973 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 1984 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 694 காண்டாமிருகங்கள் இருந்தன. ஆகவே ஒன்றைக் காண்பது பெரும்பாலும் கைகூடும். எவ்வளவு தூரத்தில் நின்று காண்கிறீர்கள் என்பதை முடிவு செய்பவர் வழிகாட்டி. அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அங்கே நடைப்பயணத்துக்கு இரண்டு வழிகாட்டிகள் கட்டாயம். ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் வருவார்கள். கையில் ஒரு தடி மட்டுமே இருக்கும், துப்பாக்கி இராது. பூங்காவின் ஓரத்திலுள்ள சௌராஹா என்ற ஊரில் தங்கினால், பணம் கட்டுவதற்கு முன், உங்களுடன் நடக்கப் போகிறவரையே நேரில் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய உரிமப் பத்திரத்தைப் பாருங்கள். பிறகு, "காண்டாமிருகம் பாய்ந்து வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மட்டு, மோப்பமும் செவியும் கூர்மை. ஆகவே ஏறக்கூடிய மரம் இருந்தால் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பருத்த மரத்தின் பின்னால் ஒதுங்க வேண்டும், அதுவும் இல்லாத வெளியில் நேர்கோட்டில் ஓடாமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். புலி எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குவதும், கரடியைக் கண்டால் சிதறாமல் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதும் அவர் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடங்களே. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "நாளைக்கு நிச்சயம் புலி காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பவரோடு போக வேண்டாம். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அவர் உங்களைப் போகக் கூடாத இடத்துக்குக் கூட்டிச் செல்லக்கூடும்.

உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இன்னொன்று உண்டு. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், நல்ல படம் கிடைத்தால் கூடுதலாகத் தருவேன் என்று சாடையாகக்கூடச் சொல்லாதீர்கள். பயணிகளின் திருப்தியை நம்பி வாழும் ஒருவருக்கு அந்தச் சொல் மறுக்க முடியாத கட்டளையாகிவிடும். குட்டியோடு நிற்கும் தாய் காண்டாமிருகத்தின் முன்னால் ஆபத்துக்குள்ளாவது உங்கள் உயிர் மட்டுமல்ல, கையில் தடியோடு உங்களுக்கு முன்னால் நிற்கும் அவருடைய உயிரும்தான். அவர் கையை உயர்த்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பல வேளைகளில் புல்லை மென்று தின்னும் சத்தம்தான் முதலில் கேட்கும்; விலங்கு பிறகுதான் கண்ணில் படும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடப்பட்டுக் குவிந்த சாணம் தெரிந்தால், காண்டாமிருகங்கள் வழக்கமாக வந்துபோகும் இடம் அது என்று அறிந்துகொள்ளலாம்.

மாசி நல்ல தெரிவு. மழைக்காலத்தில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளரும் யானைப்புல்லைத் தை மாத அளவில் வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு தூரத்திலிருந்தே விலங்குகளைக் காணலாம். மண்ணிற, பச்சை நிற உடைகளும், பழகிய சப்பாத்தும் போதும். வாசனைத் திரவியம் வேண்டாம்.

மலேரியா பற்றி நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அந்த நிலையைக் காப்பாற்றுவதில் வெளிநாடு போய்வரும் நமக்கும் பொறுப்புண்டு. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் அலுவலகத்தில், போகும் இடத்தைச் சொல்லி ஆலோசனை பெறுங்கள். திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், நேபாளம் போய்வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, காட்டில் நடப்பதும் அவசர மருத்துவ இடமாற்றமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

விசாவைக் காத்மண்டு விமான நிலையத்திலேயே பெறலாம். சார்க் நாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணமும் குறைவு. கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

தனியாகப் போனாலும் தனியாக நடக்க வேண்டியதில்லை. உங்கள் விடுதியில் சொல்லி, வேறு பெண்களும் உள்ள சிறு குழுவொன்றில் சேர்ந்துகொள்ளுங்கள், செலவும் பங்கிடப்படும். விடுதியின் தொலைபேசி இலக்கம், வழிகாட்டியின் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை முதல் நாள் இரவே அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். மாசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிங்கராஜ வனத்தில் வழிகாட்டியோடு நடந்து பாருங்கள். அட்டைக்கடியைத் தவிரப் பெரிய தொல்லை இராது, வழிகாட்டியின் பின்னால் நடப்பது எப்படியென்று அம்மாவுக்கும் தெரியவரும். சௌராஹாவில் முதல் நாள் அரைநாள் நடைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். முழுநாள் நடையைப் பற்றி, அந்த வழிகாட்டியோடு நடந்து பார்த்த பிறகு, அன்று மாலை முடிவு செய்யலாம்.