ஓடு புதுசு போல இருக்கிறது, அடியில் இருக்கும் ஷீட் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: வெயில் கடுமையான ஊரில், 22 வருஷம் ஆன ஓட்டுக் கூரை வீடு ஒன்றை வாங்கப் பார்க்கிறோம். ஒரு ஓடுகூட உடையவில்லை. ஆனால் சோதிக்க வந்தவர், ஓட்டுக்கு அடியில் விரித்த ஷீட்டின் ஆயுள் முடிந்திருக்கும் என்கிறார். உண்மையா, அல்லது வேலை பிடிக்கச் சொல்கிறாரா?

பதில்:

அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். பலகை அடித்து, அதன்மேல் ஃபெல்ட் (தார் ஊறிய தடித்த தாள், நீங்கள் கேட்கும் ஷீட் இதுதான்) விரித்து, ரீப்பர் (ஓடு உட்காரும் மரப்பட்டை) அடித்து ஓடு போட்ட கூரை என்றால், கடும் வெயிலில் அந்த ஃபெல்ட்டுக்கு சுமார் 20 வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஃபெல்ட்டாக இருந்து வேலையும் அவசரமாக நடந்திருந்தால் 15 வருஷத்துக்குள்ளேயே போய்விடும். கனமான ஃபெல்ட்டை இரண்டு அடுக்காகப் போட்டிருந்தால் 25 வருஷத்தைத் தொடலாம். ஓட்டுக்கோ 50 வருஷம் சாதாரணம். நன்றாகச் சுட்ட மண் ஓடு அதையும் தாண்டி நிற்கும். இந்த இரண்டு ஆயுளும் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் சிக்கலே.

(பலகை இல்லாமல் ரீப்பர்மேல் நேராக ஓடு அடுக்கிய கூரைக்கு இந்தப் பேச்சே இல்லை. வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் அடிப்பக்கம் தெரிகிறதா, பலகை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.)

எங்கள் வீட்டில் 18-வது வருஷம் இதைக் கற்றுக்கொண்டோம். படுக்கையறைச் சுவரும் மேல்தளமும் சேரும் மூலையில், தேநீர் நிறத்தில் ஒரு கறை. மேலே ஏறிப் பார்த்த நான் உடைந்த ஓட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு மழை இப்படியே போயின. அப்புறம் வந்த மேஸ்திரி, கூரையின் கீழ் விளிம்பில் மூன்று ஓடுகளைத் தூக்கி வைத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க சார்" என்றார். கறுப்பாக, வளையும்படி இருக்க வேண்டிய ஃபெல்ட் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்ததும் சருகு மாதிரி நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. ரீப்பர் ஆணி ஒவ்வொன்றையும் சுற்றித் துருக் கறை, அதிலிருந்து கிளம்பிய விரிசல். ரீப்பரின் மேல்பக்கத்தில் தூசியும் மக்கிய இலையும் விரல் கனத்துக்குச் சேர்ந்து, முந்தைய வாரம் பெய்த மழையில் இன்னும் ஈரமாக இருந்தன. பதினெட்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கியிருக்கிறேன். மழையைத் தடுப்பது ஓடுதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடு வெயிலையும் பெரும்பாலான மழையையும் தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. காற்றோடு வரும் சாரல் அதன் வழியே உள்ளே போகும். இலை அடைத்தால் தண்ணீர் பின்பக்கமாக ஏறும். அப்படி உள்ளே போவதைப் பிடித்து விளிம்புக்குக் கொண்டுவந்து விடுவது ஷீட். ஓட்டுக் கூரையில் கடைசிக் காவல் அதுதான்.

அதை வெயில் நேரடியாகத் தொடுவதில்லையே, ஏன் கெடுகிறது? சூடுதான் காரணம். உச்சி வெயிலில் ஓட்டின் மேல்பக்கம் 65, 70 டிகிரி செல்சியஸுக்குப் போகும். அந்தச் சூடு மணிக்கணக்கில் ஷீட்டின்மேல் இறங்குகிறது. தாரில் இருக்கும் லேசான எண்ணெய்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகின்றன, மீதி காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் கூரைமேல், வளையத் தெரியாத ஒரு தாள் கிடந்தால் எங்கே கிழியும்? எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறதோ அங்கே, அதாவது ஆணியில். ஓடு நகர்ந்து ஓரத்தில் வெளிச்சம் பட்டுவிட்டால் இன்னும் வேகமாகப் போகும். சாதாரண ஃபெல்ட் திறந்த வெயிலை அதிக நாள் தாங்குவதே இல்லை. அதனால் இறக்கத்தின் கடைசி வரிசையும், இரண்டு சரிவுகள் சேரும் பள்ளமும்தான் முதலில் கெடும். பள்ளத்தில் சேரும் குப்பையும் தண்ணீரும் சேர்ந்து அதைச் சீக்கிரம் முடித்துவிடும்.

மாற்றும்போது என்ன போடலாம் என்பது அடுத்த கேள்வியாக வரும். மறுபடியும் மெல்லிய ஃபெல்ட் ஒற்றை அடுக்காகப் போடாதீர்கள், தயவுசெய்து. செலவில் பெரும்பகுதி ஓட்டை இறக்கி ஏற்றும் கூலிக்குத்தான் போகும். ஷீட்டில் மிச்சம் பிடித்தால் அதே கூலியை 15 வருஷத்தில் இன்னொரு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். பாலிப்ரோப்பிலீன் சிந்தெடிக் ஷீட் எடை குறைவு, எளிதில் கிழியாது, ஓடு ஏற்றும்வரை சில வாரம் வெயிலில் கிடந்தாலும் கெடாது. ஆனால் ஆணி அடித்த ஓட்டையைத் தானாக மூடாது. என் தேர்வு, அடியில் பிசின் தடவி வரும் ரப்பர் கலந்த தார் ஷீட். ஆணி உள்ளே இறங்கும்போது அதைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். 30 வருஷத்தை எதிர்பார்த்துப் போடக்கூடியது அது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது அதிகச் சூட்டுக்கென்று செய்ததா? அந்த வகை 115 டிகிரி வரை தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். குளிர் நாட்டுப் பனிக்காகச் செய்த சாதாரண வகையை வெயில் கூரையில் போட்டால், உள்ளிருக்கும் தார் இளகி வழியக்கூடும்.

ஷீட்டைவிட ஒரு படி மேலாக நான் நினைப்பது ரீப்பரை. ரீப்பரை ஷீட்டின்மேல் படுக்கவைத்து அடித்தால் ஒவ்வொரு ரீப்பரும் ஒரு குட்டி அணை. உள்ளே வந்த தண்ணீர் அங்கே நிற்கும், ஆணி வழியே இறங்கும். முதலில் சரிவோடு மேலிருந்து கீழாகப் பட்டைகள் அடித்து, அதன்மேல் குறுக்காக ரீப்பர் அடித்தால் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிடும். காற்றும் கீழே நுழைந்து முகட்டில் வெளியேறும், ஷீட்டின்மேல் இறங்கும் சூடும் குறையும். எங்கள் மேஸ்திரி இதற்கு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டார். அந்த இரண்டு நாளுக்காக நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். சரிவு குறைவான கூரை என்றால், கிடைமட்டமாக 12 அடி போவதற்குள் 4 அடிகூட உயராதது என்றால், இரண்டு அடுக்கு ஷீட் கட்டாயம்.

பழைய ஓட்டைத் தூக்கி எறியச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடு நன்றாக இருந்தால் கழற்றி அடுக்கி வைத்து, ஷீட்டை மாற்றி, அதே ஓட்டையே திரும்பப் போடலாம். கழற்றும்போது கொஞ்சம் உடையும், அதற்கு ஈடாக அதே அளவு ஓடு கிடைக்குமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பள்ளத்தில் இருக்கும் தகடு, புகைபோக்கியைச் சுற்றிய தகடு இவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கூரைமேல் சோலார் பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் ஷீட் வேலை முதலில், பேனல் அப்புறம்.

ஒழுகும் இடத்தில் ஓட்டின்மேல் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிப்பதோ, ஓட்டு இடைவெளியை சிமெண்ட் வைத்து அடைப்பதோ உதவாது. அடைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ஷீட்டின்மேலேயே தேங்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விலை பேசுவதற்கு முன்னால், வீட்டுக்காரரின் அனுமதியோடு மூன்று இடத்தில் ஓட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: மேற்குச் சரிவின் கடைசி வரிசை, ஒரு பள்ளத்தின் ஓரம், சரிவின் நடுப்பகுதி. நடுவில் இருப்பது கறுப்பாக, மடக்கினால் உடையாமல் வளைந்தால் இன்னும் சில வருஷம் ஓடும். அப்போது விளிம்பையும் பள்ளத்தையும் மட்டும் சரிசெய்துகொள்ளலாம். நடுவிலேயே நொறுங்கினால் முழுக் கூரைக்கும் ஷீட் மாற்றும் செலவை வீட்டு விலையில் கழித்துக் கேளுங்கள். பகலில் பரணில் விளக்கில்லாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பலகையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சமோ ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையமோ தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட் எப்போது போட்டது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் ஓட்டின் வயதைத்தான் சொல்வார், அதனால் கேள்வியை ஷீட் என்றே குறிப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் பரண் கதவுக்குப் பக்கத்துப் பலகையில், வேலை முடிந்த அன்றே ஷீட்டின் வகையையும் தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.